குட்டி ரயிலும் நாற்பது வருஷ சந்தேகமும்!

பித்தளைக்கு நம்ம ஊர்ல ரெண்டே ரெண்டு மரியாதை. ஒண்ணு, பொங்கலுக்குப் புளி போட்டுத் தேய்க்கிறது. இன்னொண்ணு, எடைக்குப் போடுறது!

பழைய பாத்திரக் கடையின் தராசுத் தட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்த ஒரு பொருளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாலு சக்கரம், ஒரு புகைபோக்கி, நடுவில் நிஜமான பித்தளை பாய்லர். பேட்டரி கிடையாது, சாவி கிடையாது. அடியில் நெருப்பு வைத்தால் நீராவியில் ஓடும் பொம்மை ரயில் எஞ்சின். கடைக்கார அண்ணன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘பித்தளை கம்மி தம்பி... மீதியெல்லாம் இரும்பு’ என்று சொன்ன விலைக்கு ரெண்டு பிரியாணி வாங்கலாம். பேரம் பேசியிருந்தால் ஒரு லெக் பீஸ் கூடுதலாக வந்திருக்கும்.

எஞ்சின் என் ஹாஸ்டல் ரூம்மேட்டின் அப்பாவுடையது. தூத்துக்குடியில் அவர்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். பரணைக் காலி செய்தபோது, உடைந்த அம்மிக்கும் குத்துவிளக்குகளுக்கும் நடுவில் இது கிடந்தது. ரூம்மேட்டின் தாத்தா சரக்குக் கப்பலில் மரைன் இன்ஜினீயர். 1980-களின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் கப்பல் நின்றபோது, எட்டு வயசுப் பையனுக்காக வாங்கி வந்தது. ஓடியது என்னவோ ஒரே ஒரு கோடை விடுமுறைதான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், தாத்தா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பையன் தனியாக நெருப்பு வைத்திருக்கிறான். தண்ணீர் எவ்வளவு ஊற்றினோம் என்பது ஞாபகமில்லை. மேலே எங்கேயோ ‘உஸ்’ஸென்று சத்தம், பெயின்ட் கருகிய வாசம், எஞ்சின் நின்றுபோனது. தாத்தா வந்து பார்த்தார். திட்டவில்லை. துணியில் சுற்றிப் பரணில் வைத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ‘பாய்லரை எரிச்சுட்டேன்டா... எங்கப்பா திட்டியிருந்தாக்கூட மறந்திருப்பேன்’ என்றார் அங்கிள். இப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தாத்தா இறந்தே பதினைந்து வருஷம் ஆகிறது.

எங்களிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘ஓடலேன்னாலும் பரவாயில்லை தம்பி. நான் நிஜமாவே அதைக் கெடுத்தேனா, இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும்!’

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிற ரெண்டு பேரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் சும்மா இருப்போமா?

பொம்மைதான் சீனியர்!

எஞ்சினைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் பரம்பரையைத் தெரிந்துகொள்ளலாம். நிஜ ரயில் எஞ்சின் வந்த பிறகுதான் பொம்மை வந்தது என்று நினைக்கிறீர்களா? கிட்டத்தட்ட தலைகீழ்! 1784-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ஜேம்ஸ் வாட்டின் கம்பெனியில் வேலை பார்த்த வில்லியம் மர்டாக் என்பவர் மூன்று சக்கரத்தில் ஒரு குட்டி நீராவி வண்டி செய்து ஓட்டினார். இருட்டில் அது புஸ்புஸ்ஸென்று நெருப்போடு ஓடி வந்ததைப் பார்த்து ஊர்ப் பாதிரியார் பேய் என்று அலறினார் என ஒரு கதை உண்டு. தண்டவாளத்தில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நிஜ எஞ்சின் வேல்ஸில் ஓடியது 1804-ல். அதாவது பொம்மை இருபது வருஷம் சீனியர்.

அதற்கப்புறம் விக்டோரியா காலத்தில் பித்தளைப் பொம்மை எஞ்சின்கள் கடைக்கு வந்தன. தண்டவாளமெல்லாம் கிடையாது, வீட்டுத் தரையிலேயே விட வேண்டியதுதான். போகிற வழியெல்லாம் வெந்நீரை ஒழுகவிட்டுக்கொண்டே போகுமாம். அதனால் அதற்கு ‘பர்மிங்ஹாம் டிரிப்ளர்’ என்று பட்டப்பெயர். நம்ம பாஷையில் சொன்னால் ‘பர்மிங்ஹாம் ஒழுகி’!

1920-களில் இந்த விளையாட்டு சீரியஸ் ஆனது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் ‘மாடல் இன்ஜினீயர்’ பத்திரிகையில் எழுதிய கர்லி லாரன்ஸ், கையால் தூக்கிவிடக்கூடிய எஞ்சினில்கூட நிஜ நிலக்கரியைப் போட்டு ஒரு ஆளை உட்கார வைத்து இழுக்கலாம் என்று செய்தே காட்டினார். அந்த நாலு எழுத்தும் அவர் வேலை பார்த்த ரயில்வே கம்பெனியின் இனிஷியல்!

நம்ம எஞ்சின் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. மாமோட் எஸ்.எல்.1 என்று மாடல் பெயர். ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் 1937-ல் பர்மிங்ஹாமில் தொடங்கிய பொம்மைக் கம்பெனி அது. மாலின்ஸ் மாடல்ஸ் என்பதன் சுருக்கம்தான் மாமோட். தண்டவாள இடைவெளி 32 மி.மீ. எரிபொருள், மலையேறப் போகிறவர்கள் டீ போட எடுத்துப்போகும் திட வில்லை. ஒரு தட்டில் வில்லைகளை அடுக்கிப் பற்றவைத்து பாய்லருக்குக் கீழே தள்ளிவிட வேண்டும்.

சிலிண்டர்தான் இதில் அழகு. பெரிய எஞ்சின்களில் நீராவியை உள்ளே விட, வெளியே விட என்று தனியாக வால்வு, அதற்கு ராடு, லிங்க் என்று ஒரு குடும்பமே இருக்கும். இதில் வால்வே கிடையாது. சிலிண்டரே தொட்டில் மாதிரி ஆடும். ஆடும்போது அதன் ஓட்டை, பக்கத்துத் தகட்டில் இருக்கும் நீராவி ஓட்டையோடு ஒரு தடவை பொருந்தும், வெளியேறும் ஓட்டையோடு அடுத்த தடவை பொருந்தும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே... கைனமேட்டிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவனுக்குக்கூட ரெண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

தடயம் தேடும் படலம்

சரி, பாய்லர் எரிந்ததா இல்லையா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

தண்ணீர் இருக்கிற வரைக்கும் பாய்லர் பத்திரம். எத்தனை நெருப்பு வைத்தாலும் பித்தளையின் சூடு தண்ணீரின் சூட்டை ஒட்டியே நிற்கும். இந்த மாதிரி பொம்மைகளில் அழுத்தம் சுமாராக 1 பார். ஸ்டீம் டேபிளைத் திறந்து பாருங்கள் (பரீட்சை ஹாலுக்கு வெளியிலும் அதைத் திறக்கலாம், தப்பில்லை!). காற்றழுத்தத்தையும் சேர்த்து 2 பாருக்கு எதிரே 120 டிகிரி என்று போட்டிருக்கும். தகடுகளை ஒட்டவைக்கும் சாதாரண ஈய சால்டர் உருகுவது 183 டிகிரி வாக்கில். நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது. ஆனால், தண்ணீர் தீர்ந்த அடுத்த நிமிஷமே கதை மாறிவிடும். சூட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பித்தளை விறுவிறுவென்று ஏறும், சால்டர் மெழுகாக ஒழுகும். வெள்ளி சால்டர் என்றால் 600 டிகிரிக்கு மேல் தாங்கும். எது எந்த சால்டர் என்று வெளியிலிருந்து பார்த்து எங்களால் சொல்ல முடியவில்லை. அதனால், இருப்பதிலேயே பலவீனமானது என்று வைத்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தோம்.

தடயங்கள் ரெண்டு பக்கமும் பேசின. நெருப்புப் பட்ட இடத்தில் பச்சை பெயின்ட் கருகி உரிந்திருந்தது. ‘பார்த்தியா?’ என்றார் அங்கிள். ஆனால், இந்த எஞ்சின்களில் ஒழுங்காக ஓட்டினாலே தீநாக்கு பக்கவாட்டில் வந்து பெயின்ட்டைச் சுடும் என்பது பொம்மை எஞ்சின் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனவே அது சாட்சி ஆகாது. சால்டர் ஒழுகிய சொட்டு எங்காவது இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடினோம். இல்லை. அதுவும் முழுச் சாட்சி ஆகாது. உள்ளே ஒழுகியிருந்தால்?

குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வேறு. உப்புப் படிவம்! தூத்துக்குடித் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதை ஊற்றித்தான் பையன் ஒரு கோடை முழுக்க ஓட்டியிருக்கிறான். மளிகைக் கடையில் சிட்ரிக் ஆசிட் வாங்கி வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைந்துவிடும். ஆனால், இங்கேதான் நானும் ரூம்மேட்டும் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். பாய்லரில் ஊசி முனை ஓட்டை இருந்து, அந்தப் படிவமே அதை அடைத்துக்கொண்டிருந்தால்? அதைக் கரைத்தால் நாமே ஓட்டையைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். ‘அங்கிள் ஏற்கெனவே நொந்து போயிருக்கார்டா’ என்றான் அவன். என் கட்சி வேறு. படிவத்தை நம்பி நிற்கும் பாய்லர் இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நெருப்பு மேலே இருக்கும்போது விட்டுக்கொடுக்கும். இருக்கிற ஓட்டை இப்போதே தெரியட்டும்.

அங்கிளிடமே கேட்டோம். ‘கரைங்கடா’ என்றார்.

ஆசிட்டில் ஒரு எச்சரிக்கை உண்டு. நேரம் அதிகமானால் பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் வெளியேறி, செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். பித்தளை மஞ்சளிலிருந்து ரோஸ் கலருக்குப் போனால் ஆபத்து. அதனால், கொஞ்ச நேரம் ஊறவிடுவது, கொட்டுவது, பார்ப்பது, மறுபடி ஊற்றுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. வெளிப்பக்கத்தை ஆச்சி, அதாவது அங்கிளின் அம்மா, எங்களிடமிருந்து பிடுங்கிப் புளியால் தேய்த்துக் கொடுத்தார்கள். கெமிஸ்ட்ரி எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி!

தண்ணீரால் ஒரு பரீட்சை

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்துப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். செய்துவிடாதீர்கள். காற்றும் நீராவியும் அமுக்கிவைத்த ஸ்பிரிங் மாதிரி. பாய்லர் கிழிந்தால் மொத்தச் சக்தியும் ஒரே நொடியில் வெளியே வரும், தகடு பறக்கும். தண்ணீரை அமுக்கவே முடியாது என்று சொல்லிவிடலாம். அதனால் எங்காவது விரிசல் விட்டால் ஒரு சொட்டு வெளியே வரும், அழுத்தம் பொத்தென்று விழும், கதை முடிந்தது. அதனால்தான் நிஜ பாய்லரோ பொம்மையோ, எதுவாக இருந்தாலும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் சோதனை. மாடல் எஞ்சின்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு, புது பாய்லர் என்றால் ஓடும் அழுத்தத்தைப் போல ரெண்டு மடங்கு, பழசுக்கு மறுசோதனை என்றால் ஒன்றரை மடங்கு. நாங்கள் இதைப் புது பாய்லராகவே நினைத்துக்கொண்டோம்.

நம்ம நாட்டில் 1923-ல் வந்த பாய்லர் சட்டமும் சரி, அதற்குப் பதிலாக 2025-ல் வந்த புதுச் சட்டமும் சரி, 25 லிட்டருக்குக் குறைந்த பாத்திரத்தைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே, எங்கள் பொம்மைக்கு இன்ஸ்பெக்டர் தேவையில்லை. சட்டம் விட்டுவிட்டால் மட்டும் வெந்நீர் சுடாதா என்ன?

கருவி? பிளம்பர்கள் புது வீட்டுக் குழாயில் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கக் கையால் அடிக்கும் டெஸ்ட் பம்ப் ஒன்று வைத்திருப்பார்கள். வாடகைக்கு எடுத்தோம். அதிலிருந்த பிரஷர் கேஜ் பெரிய அழுத்தத்துக்கானது. 2 பார் என்றால் முள் லேசாகத் தும்முவதோடு சரி! அதைக் கழற்றிவிட்டு காலேஜ் லேப் சாரிடம் கெஞ்சிச் சின்ன கேஜ் ஒன்று வாங்கி மாட்டினோம். அடுத்த சிக்கல் மறை. அது பழைய இங்கிலீஷ் அங்குல மறை, நம்ம மெட்ரிக் போல்ட் எதுவும் ஏறவில்லை. எங்கள் காலேஜ் பக்கத்து லேத் பட்டறை அண்ணன் மறை எண்ணிப் பார்க்கும் கேஜை வைத்து அளந்து, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பித்தளை நிப்பிள் கடைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. ‘ஓடும்போது ஒரு வீடியோ அனுப்புங்க, போதும்.’

முதல் தடவை விசிலைக் கழற்றி அந்த வாயில் பம்ப்பை மாட்டினோம். மேலே இருக்கிற பழைய சேஃப்டி வால்வை அப்படியே விட்டுவைத்தோம். அதுதான் தண்ணீர் ஊற்றும் மூடியும்கூட. ரொம்ப மெதுவாக அரை பார் வரைக்கும் மட்டும்.

சொட்டு வந்தது!

அங்கிள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ரூம்மேட் டிஷ்யூ பேப்பரால் பாய்லரை முழுக்கத் துடைத்துவிட்டு மறுபடி பம்ப் அடித்தான். இந்தத் தடவை டார்ச் அடித்துக் கூர்ந்து பார்த்தோம். இரு மூலைகளிலும் இருக்கிற மூட்டில் இல்லை. அடிப்பக்கம் இல்லை. சேஃப்டி வால்வின் கழுத்தைச் சுற்றி முத்து முத்தாகத் தண்ணீர். வால்வைக் கழற்றினால், அடியில் இருந்த ஃபைபர் வாஷர் பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையில் வந்தது.

மேலேயிருந்து ‘உஸ்’ என்று வந்த சத்தம் எது என்று இப்போது புரிந்தது. ஆனால் இது பாதி விடைதான். வாஷர் போயிருக்கிறது என்பதால் பாய்லர் நல்லா இருக்கிறது என்று ஆகிவிடாதே! எல்லா வாய்களுக்கும் புது வாஷர் போட்டு, சேஃப்டி வால்வு இருந்த இடத்தைப் பித்தளை போல்ட்டால் அடைத்து, அங்கிளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பம்ப்பை அவர் கையிலேயே கொடுத்தோம்.

ஒன்று. ஒன்றரை. 2 பார்.

அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. முள் நகரவில்லை. டிஷ்யூ பேப்பர் காய்ந்தே இருந்தது.

‘எரியலையா?’ என்றார். ‘எரியலை அங்கிள்.’ அவர் மறுபடியும் கேஜைக் குனிந்து பார்த்தார். ‘இல்ல... நல்லா பாரு.’ நல்லா பார்த்தோம்.

மீதி வேலை

அதற்கப்புறம் நடந்தது எல்லாமே சந்தோஷமான வேலை. சிலிண்டரும் தகடும் உரசும் பக்கம் நாற்பது வருஷத்தில் கறை பிடித்திருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் நைஸ் எமரி பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வைத்து, எட்டு போடுகிற மாதிரி தேய்த்துத் தேய்த்து சமதளம் ஆக்கினோம். உயவுக்கு சாதாரண பைக் ஆயில் உதவாது, ஈரமான நீராவி அதைக் கழுவிவிடும். 460 கிரேடு ஸ்டீம் சிலிண்டர் ஆயில் என்று கெட்டியாகத் தேன் மாதிரி ஒன்று இருக்கிறது, அதுதான் வேண்டும். சேஃப்டி வால்வை மட்டும் பழசை நம்பவே இல்லை. நாற்பது வருஷ ஸ்பிரிங் எத்தனை பாரில் திறக்கும் என்று அதற்கே தெரியாது. பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைப் போட்டு ‘சமாளிக்கும்’ ஐடியா யாருக்காவது இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், அதற்குப் பெயர் வெடிகுண்டு. இங்கிலாந்திலிருந்து புதுசு வரவழைத்தோம். எஞ்சினுக்கு ஆன மொத்தச் செலவில் அதுதான் பாதி.

பெயின்ட்? ரூம்மேட்டுக்குக் கருகின பச்சையைச் சுரண்டிவிட்டு ஷோரூம் பீஸ் மாதிரி அடிக்க ஆசை. அவன் ஒரு நியாயமும் வைத்திருந்தான். 1855-ல் வந்த இ.ஐ.ஆர். 21 எஞ்சினை 2010-ல் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் உயிர்ப்பித்தபோது, இல்லாத பாகங்களை எல்லாம் புதிதாகச் செய்துதானே ஓட்டினார்கள் என்றான். நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலையில் முழு எஞ்சினையே புதிதாகச் செய்யவில்லையா என்றான். வாதம் சரிதான். ஓடுவதற்குத் தேவையானதைப் புதிதாகப் போடலாம், போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால், கருகின பெயின்ட் ஓட்டத்தைத் தடுக்கவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவன் தனியாக நெருப்பு வைத்த சாயங்காலம் அதில் இருக்கிறது. துருப்பிடித்த ரெண்டு இடத்தை மட்டும் சுத்தம் செய்து எண்ணெய் தடவி விட்டுவிட்டோம். என் கட்சிக்கு அங்கிள் ஓட்டும் கிடைத்தது.

ஓட்டிய நாள் மொட்டை மாடியில். தண்டவாளத்துக்கு, அலுமினிய ஜன்னல் செய்கிற கடையில் மிச்சம் கிடந்த பட்டைகளை 32 மி.மீ. இடைவெளியில் பலகை மேல் அறைந்திருந்தோம். அந்த வில்லைகளின் புகை மூச்சுக்கு ஆகாது, அதனால் காற்று வரும் பக்கம் நின்றுகொள்ள வேண்டும். இந்த எஞ்சினில் தண்ணீர் மட்டம் பார்க்கக் கண்ணாடி கிடையாது. அதற்கு ஒரு சுலபமான தந்திரம், தண்ணீர் தீர்வதற்குள் நெருப்பு தீர்ந்துவிடுகிற அளவுக்குத்தான் வில்லை வைப்பது. ஆச்சி டிரம்மில் பிடித்து வைத்திருந்த மழைத் தண்ணீரை, ஊசி போடும் சிரிஞ்சில் எம்.எல். கணக்காக அளந்து ஊற்றியவர் அங்கிள். ஒரு தடவைக்கு மூணு தடவை எண்ணிக்கொண்டார்.

முதலில் சக்கரம் தரையில் படாமல் மரக்கட்டை மேல் வைத்துப் பார்த்தோம். விரலால் சக்கரத்தை ஒரு சுற்று தள்ளிவிட்டதும், சிலிண்டரில் குளிர்ந்து கிடந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, டக் டக் டக் என்று பிடித்துக்கொண்டது. அப்புறம் தண்டவாளத்தில். பலகை மொத்தமே ஆறடி, எஞ்சின் நாலு நொடியில் கடந்துவிட்டது. ரெண்டு முனையிலும் ஆள் நின்று கோல்கீப்பர் மாதிரி பிடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்பினோம். போகிற வழியெல்லாம் பலகை மேல் தண்ணீர்க் கோடு. பர்மிங்ஹாம்காரன் அல்லவா! லேத் அண்ணனுக்கு வீடியோ அங்கிருந்தே போய்விட்டது.

சத்தம் கேட்டு மேலே வந்த ஆச்சி, நாற்காலி போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார்கள். வாஷர் கதையை அங்கிள் ஒன்று விடாமல் சொன்னார். ஆச்சி ஆச்சரியப்படவே இல்லை.

‘வாசர்தானே? ஒங்க அப்பா அன்னைக்கே சொன்னாவளே... வாசர் போயிட்டு, அங்க போகும்போது ஒண்ணு வாங்கியாரணும்னு. அதுக்கப்புறம் கப்பல் அந்தப் பக்கம் போகவே இல்லை. நீ கேட்டியா, சொல்லதுக்கு?’

அங்கிள் பதில் சொல்லவில்லை. நெருப்பு அணைந்துவிட்டிருந்தது. சிரிஞ்சை எடுத்து, மிச்சத் தண்ணீர் எத்தனை எம்.எல். என்று உறிஞ்சி அளக்க ஆரம்பித்தார்.